சுழலியும் சமநிறையும்

சிறிதென எண்ணிப் புறக்கணித்த பொருள் பெருங்கேட்டிற்குக் காரணமாதல் உலகியல்பு. மாதிரி விமானம் செய்து பறக்கவிடும் இளைஞர்க்கு இதனை உணர்த்துவது, அதன் மூக்கிற் பொருந்திய புரொப்பெல்லர் என்னும் சுழலியேயாம். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர் பறந்த விமானத்தின் சுழலிகள் மரத்தைக் கையால் இழைத்துச் செய்யப்பட்டவை. இன்று கடையில் வாங்குவனவற்றிலும் இரண்டு இதழும் முற்றும் ஒத்த நிறையுடையனவாய் அமைதல் அரிது.

இதனால் விளையும் தீங்கு யாது? ஓரிதழில், அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில், 0.1 கிராம் நிறை மிகுந்துள்ளதெனக் கொள்வோம். சுழலி நிமிஷத்திற்கு 10,000 சுற்றுச் சுற்றுங்கால், அம்மிகை 1 கிலோகிராம் எடைக்கும் சற்று மேற்பட்ட விசையோடு அச்சை இழுக்கும். திருகுகள் தளரும்; இயந்திரம் தேயும்; இதழ் பிளந்து தெறிப்பின் அருகு நிற்பார் கண்ணுக்கே ஆபத்தாம்.

தருமபுரி ஜில்லாவில் காரிமங்கலத்தை அடுத்தது எமது சிற்றூர். என் தம்பி மாம்பழக் காலத்தில் தோப்பு வேலை செய்து சேர்த்த பணத்தால் சமநிலைக் கருவியொன்று வாங்க விழைந்து, எவ்வகை நன்றென என்னை வினவினான். சிறு தொகையாயினும் அஃது அவன் வியர்வையின் பயன். ஆதலின் ஆராய்ந்தே விடை கூறலாயினேன்.

இக்கருவியுள் ஒரு வகையில், சுழலியைத் தாங்கும் தண்டு இரண்டு கூரிய விளிம்புகளின்மேற் கிடக்கும். மற்றொரு வகையில், எஃகுத்தண்டின் ஒரு முனை மட்டும் காந்தமொன்றைத் தொட, மறுமுனை வேறொரு காந்தத்தின் கவர்ச்சியால் அந்தரத்தில் நிற்கும். உராய்வு மிகக் குறைதலின் பின்னையதே நுட்பமுடையது. எதனை வாங்கினும், தண்டு கோணாதிருத்தலும், துளையின் இருபுறமும் கூம்புகள் நடுவே பொருந்துதலும், நீண்ட சுழலிக்கும் இடம் போதுதலும் காண்க.

எங்கள் கடைவீதியிற் பொற்கொல்லர் ஒருவர் நிறுக்கும் முறையை யான் இளமையிற் கண்டதுண்டு. விசிறியை நிறுத்துவார்; வெறுந்தராசை நோக்குவார்; ஐயம் எழின் பொன்னையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைப்பார். அம்முறையே ஈண்டும் உதவும். காற்றில்லா அறையிற் சுழலியைக் கிடையாக நிறுத்துக. தாழும் இதழே மிகுந்தது. பின்னர்த் தண்டை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பிப் பொருத்துக. முன்னை இதழே மீண்டும் தாழின் குறை சுழலியினது. மற்றையது தாழின் குறை கருவியினது.

மிகுந்த இதழை நுண்ணிய உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். ஆயின் விளிம்பின் வடிவம் கெடலாகாது. அன்றி, இலேசான இதழில் வார்னிஷ் பூசலாம். அடுத்துச் சுழலியைச் செங்குத்தாக நிறுத்துக. அது தானே திரும்பின் நடுக்குடத்தின் ஒரு பக்கம் கனத்துள்ளது. எந்நிலையில் விடினும் அசையாது நிற்பதே நிறைவான சமநிலை. வெடிப்புற்ற சுழலியை எறிந்துவிடுக. சமநிறை வெடிப்பைத் தீர்க்காது.

தம்பி மூன்று தோழரைச் சேர்த்துக்கொண்டு காந்தக் கருவியையே வாங்கினான். நால்வர்க்கும் அஃது ஒன்றே போதுகிறது. வந்த அன்றே அவர்கள் முதலிற் சோதித்தது சுழலியையன்று, கருவியையே. அளக்கப் புகுவோர் அளவுகோலை முன்னர் ஆராய்தல், தொழிற்கு மட்டுமன்றி வாழ்விற்கும் ஏற்ற நெறியன்றோ?