பறையோசை எங்கே போயிற்று?

வஞ்சி மாநகரில் துறவி வேடம் பூண்டு நிற்கிறாள் மணிமேகலை. சமயவாதிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து தத்தம் கொள்கையை அவளிடம் விரித்துரைக்கின்றனர். வேதமே உயர்ந்தது என்கிறார் ஒருவர். அணுக்களே அடிப்படை என்கிறார் மற்றொருவர். அனைவரும் பேசி முடித்தபின், கடைசியாக வருகிறான் பூதவாதி. ஆத்திப்பூவையும் வெல்லத்தையும் பிறவற்றையும் கலந்து வைத்தால் கள்ளில் களிப்புப் பிறக்கிறதல்லவா? அதுபோலவே பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. அவை பிரியும்போது, பறையில் எழுந்த ஓசை கெடுவதுபோல, உணர்வும் கெடுகிறது. இவ்வளவுதான் அவன் வாதம். ஆன்மா என்று தனியே ஒன்று வந்து குடிபுகுவதுமில்லை, மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவதுமில்லை!

இதை எழுதிவைத்த சீத்தலைச் சாத்தனார் பௌத்தர். பூதவாதியை வீழ்த்தவே மேடை ஏற்றினார். ஆயினும் அவன் சொன்னதைச் சிதைக்காமல் சொல்லவிட்டார். அந்த நேர்மைக்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டவர்கள். உலகாயதரின் சொந்த நூல்கள் அழிந்தன. எதிரிகளின் ஏடுகளில்தான் அவர்கள் குரலைப் பொறுக்கி எடுக்கவேண்டியிருக்கிறது.

மணிமேகலையின் மறுமொழியையும் மறைக்கமாட்டோம். கண்ணால் கண்டதே அறிவு, அனுமானம் அறிவாகாது என்றான் பூதவாதி. அப்படியானால் உன் தந்தையையும் தாயையும் நீ எப்படி அறிந்தாய் என்று மடக்கினாள் அவள். கூரிய கேள்வி. இந்த ஓரிடத்தில் நாம் அவள் பக்கமே நிற்கிறோம். புலன் காட்டியதோடு நின்றுவிட்டால் வானநூல் இல்லை, மருத்துவம் இல்லை. உலகாயதரிலேயே பிற்காலத்தவரான புரந்தரர், உலக வழக்குக்கு உட்பட்ட அனுமானத்தை ஏற்றார் என்று பௌத்த உரைநூல் ஒன்று கூறுகிறது. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணரலாம்; ஐயம் வந்தால் மலையேறிச் சென்று பார்க்கலாம். மறுபிறவியை உய்த்துணர்வோர் எந்த மலையேறிப் பார்ப்பர்? மணிமேகலையோ தன் பழம்பிறப்பை மணிபல்லவத்துப் புத்த பீடிகையின் முன் உணர்ந்துகொண்டவள். பூதவாதியை அனுமானம் கொண்டு மடக்கியவள், தனக்கு மட்டும் பீடிகையைச் சான்றாக வைத்துக்கொண்டாள்!

ஆன்மாவைச் சோதித்தே பார்க்கத் துணிந்தவர்களும் உண்டு. பாலி மொழித் தீக நிகாயத்தில் பாயாசி என்றொரு சிற்றரசன் வருகிறான். மறுமை இல்லை என்பவன் அவன். கள்வன் ஒருவனை உயிரோடு தாழியில் இட்டு, வாயை அடைத்து, அடுப்பில் ஏற்றினான். பின்னர்த் திறந்தபோது உயிர் வெளியேறக் காணவில்லை என்றான். மற்றொருவனை உயிரோடு நிறுத்தான், கொன்றபின் மீண்டும் நிறுத்தான், எடை கூடியிருந்ததாம். கொடுமை, ஐயமில்லை. அரசன் கையில் அகப்பட்ட ஏழைக் கள்வன்தானே சோதனைப் பொருள்!

அமெரிக்காவில், மாசசூசெட்சு மாநிலத்தில், டங்கன் மக்டூகல் என்னும் மருத்துவர் அதே தராசைத் தூக்கினார். சாகும் தறுவாயிலிருந்த 6 பேரைக் கட்டிலோடு எடைபோட்டு, 1907-இல் முடிவை வெளியிட்டார். ஒருவருக்கு முக்கால் அவுன்சு, ஏறத்தாழ 21 கிராம், குறைந்ததாம். மற்றவர்களின் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. இருவர் கணக்கை அவரே தள்ளிவிட்டார். ஆயினும் அந்த 21 கிராம் உலகம் சுற்றிவிட்டது. பாயாசிக்குக் கூடிற்று, மக்டூகலுக்குக் குறைந்தது. நம் ஊர்ச் சந்தைத் தராசுகூட இதைவிட நாணயமானது.

இருவரும் கோட்டைவிட்டது எங்கே? உயிர் என்பது ஒரு பொருள், உடல் என்பது அதன் பெட்டி என்று இருவருமே எண்ணிக்கொண்டனர். ஒருவர் மறுக்க நிறுத்தார், மற்றவர் நிறுவ நிறுத்தார், எண்ணம் ஒன்றுதான். வஞ்சி நகரத்துப் பூதவாதியோ பெட்டியைச் சொல்லவில்லை, பறையைச் சொன்னான். பறை கிழிந்தபின் ஓசை எங்கே போயிற்று என்று தராசோடு தேடுவார் உண்டோ? ஓசை பறைக்குள் இருந்த பண்டமன்று. பறை செய்த வேலை.

இவ்வுவமையை ஒரு மாலை நமது படிப்பகத்தில் பேசிக்கொண்டிருந்தோம். பறையடிப்பதில் தேர்ந்த பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னார்: “மழைக்காலத்தில் தோல் தளர்ந்துபோகும் தம்பி, அடித்தால் மொத்தென்றுதான் கேட்கும். நெருப்பில் காட்டினால்தான் பேசும்.” ஏடுகள் சொல்லாத விளக்கம்! தோலின் நிலைக்கேற்ப ஓசை. காய்ச்சல் ஏறினால் பிதற்றுகிறோம். கள் ஏறினால் அஞ்சாதவராகிறோம். 1846-இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஈதர் ஆவியை முகரச்செய்து ஒருவரின் கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்தனர். ஆவியேற்றதும் உணர்வு மங்கிற்று, ஆவி நீங்கியதும் உணர்வு திரும்பிற்று. ஆன்மா உடலுக்கு அயலானதாயின், குப்பியிலிருந்து எழும் ஆவிக்கு அது ஏன் மயங்கவேண்டும்?

உடலும் உள்ளமும் இருவேறு பொருள் என்றுரைத்த டேக்கார்ட்டை, 1643-இல் பொகீமிய இளவரசி எலிசபெத் கடிதத்தில் கேட்டது இதற்கு நெருங்கிய கேள்வியே. இடம் அடைக்காத ஆன்மா, இடம் அடைக்கும் உடலை எவ்வாறு அசைக்கும்? அவர் பல கடிதம் எழுதினார், பின்னர் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பியைக் காட்டினார். சுரப்பியும் உடல்தானே! வினா வினாவாகவே நின்றது.

1848 செப்டம்பர் 13. வெர்மாண்ட் மாநிலத்தில் இருப்புப்பாதை வேலை. மேற்பார்வையாளர் பினியாஸ் கேஜ் பாறைத் துளையில் வெடிமருந்தைத் திணிக்கையில் அது வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமும் 13 பவுண்டுக்கு மேல் எடையும் கொண்ட இரும்புக்கோல் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே பறந்தது. மனிதர் பிழைத்தார். ஆனால் பொறுமையும் பொறுப்பும் மிக்க அந்த இளைஞர், முரடராய், நிலையற்றவராய் மாறினார் என்று எழுதினார் மருத்துவர் ஆர்லோ. இக்கதையை மிகைப்படுத்துவோரும் உளர். கேஜ் பின்னர்ச் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நம் கட்சிக்கு வசதி என்பதற்காக உண்மையின் பாதியை நாம் விழுங்கலாகாது. எனினும், குணம் என்பது தலைவிதியில் அன்று, தலைக்குள் இருக்கும் தசையில் தங்கியிருக்கிறது என்பதற்கு அந்த இரும்புக்கோல் எழுதிய சான்று அழியவில்லை.

இத்தனையும் ஏட்டுவாதமோ என்று கேட்போர் உண்டு. நமது தெருவுக்கு வாருங்கள். 10 வயதுச் சிறுவன் ஒருவன். தாயற்றவன், பாட்டியின் நிழலில் வளர்பவன். திடீரென விழுவான், கைகால் வெட்டும், வாயில் நுரை தள்ளும். வலிப்பு நோய். ‘புனித நோய்’ என்று கிரேக்கர் அழைத்த இதனை, மற்ற நோய்களைவிட இதில் புனிதம் ஏதுமில்லை, காரணம் மூளையில் இருக்கிறது என்று இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல் எழுதி 2400 ஆண்டுகள் ஆயின. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929-இல் வெளியிட்டார் செருமானியர் ஆன்ஸ் பெர்கர். அலை தாறுமாறாகப் பொங்குவதே வலிப்பு என்பதை இன்று தாளில் வரைந்தே காட்டுகின்றனர்.

நமது தெருவில் வரைந்ததோ கோலம், பேயோட்டும் கோலம்! மிளகாய்ப் புகை போட்டனர். வேப்பங்கொம்பால் அடித்தனர். பிள்ளையின் முதுகில் தழும்பு. பேயின் முதுகில் ஒன்றுமில்லை. உள்ளே வேறொருவர் புகுந்திருக்கிறார் என்று நம்பினால், அடிக்கிற கை கூசாது. பிள்ளையையா அடிக்கிறோம், பேயையல்லவா!

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. பேய் பிடித்ததென்றும், வழிபாட்டால் தெளியுமென்றும் நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் பலர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர், ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடலாகாது என்று 2017-இல் இயற்றிய மனநலச் சட்டம் வெளிப்படையாகவே விலக்குகிறது. உடலும் உள்ளமும் ஒன்றா இரண்டா என்ற கேள்வி வெறும் பண்டிதர் பொழுதுபோக்கு என்போர், அந்தச் சங்கிலிகளை எண்ணிப்பார்க்கட்டும்.

சிறுவனை நமது தோழர்கள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மருத்துவர் மாத்திரை தந்தார். நாள் தவறாமல் தரவேண்டும், திடீரென நிறுத்தினால் வலிப்புத் திரும்பும் என்று எச்சரித்தார். மாதங்கள் கடந்தன, பிள்ளை விழவில்லை. பாட்டியோ, மணிக்கட்டில் கட்டிய மந்திரக் கயிற்றின் மகிமை என்றார். கயிற்றை அறுக்கச் சொன்னார் தோழர் ஒருவர். நாம் வேண்டாமென்றோம். அறுத்த மறுநாள் சளி பிடித்தாலும் பழி நம் தலையில்தான் விழும். மாத்திரையும் அதோடு நிற்கும்.

அறுவடைக் காலத்தில் மருத்துவமனைக்குப் போக ஆளில்லை. மாத்திரை தீர்ந்து ஐந்தாறு நாள் ஆயிற்று. கயிறு மட்டும் கையில் இருந்தது. பிள்ளை கிணற்றடியில் விழுந்தான். அன்றிரவு பாட்டி படிப்பகத்தின் வாயிலில் வந்து நின்றார். கையில் வெறும் மாத்திரை அட்டை. நாம் ஒன்றும் கேட்கவில்லை.

“கயிறு இருந்துதான் விழுந்தான் தம்பி,” என்றார் அவரே. “விடிந்ததும் முதல் பேருந்துக்குப் போய் இதை வாங்கி வந்துவிடு. இனி தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறேன்.”