ஓட்டைத் தட்டிக் கேட்பவர்

வேதாரண்யத்துக்கு அருகே இருக்கும் என் அத்தை வீட்டுக் கூடத்தில் நான்கு இடங்களில் ஒழுகியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பறந்துபோன ஓடுகளுக்குப் பதிலாக, கிடைத்ததை வாங்கி அவசரமாகச் செருகியிருந்தோம். அங்கேதான் முதலில் ஒழுகியது. பிறகு நன்றாக இருந்த இடங்களும் சேர்ந்துகொண்டன. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஏணி கேட்கவில்லை. கூடத்தில் நின்றபடியே, "அறுபது வருசக் கூரை. மொத்தமா பிரிச்சிட்டு ஷீட்டு போட்டுருவோம். பழைய சாமானை நானே எடுத்துக்கிறேன்" என்றார். அத்தை சரியென்று சொல்லியிருப்பார். அதற்குள் திருத்துறைப்பூண்டி நண்பர் ஒருவர், ஓடு மேயும் கணவன் மனைவி இருவரை அனுப்பிவைத்தார்.

கணவர் முதலில் தெருவுக்குப் போய் எதிர்ச்சாரியில் நின்று முகட்டைப் பார்த்தார். கோடு நேராக ஓடுகிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகுதான் உள்ளே வந்து ஏணி கேட்டார். மடியிலிருந்து ஒரு கோணூசியை எடுத்தார். சாக்கு தைக்கிற ஊசிதான், மரப்பிடி போட்டது. அவருடைய அப்பா நெல் அரவை மில்லில் மூட்டை தைத்தவர். மில் மூடியபின் கூரை வேலைக்கு வந்தபோது அந்த ஊசியும் கூடவே வந்திருக்கிறது.

"ஓட்டை அப்புறம் பாப்போம் தம்பி. ஓடு போனா வேற ஓடு போடலாம். கட்டை போனா ஓடு எதுல நிக்கும்?"

ஒவ்வொரு கைமரத்திலும் மூன்று இடத்தில் குத்தினார்: சுவரில் உட்காரும் இடம், நடு, இறவாணத்து நுனி. நகத்தளவு இறங்கி நின்றால் கட்டை நல்லது. விரல் அளவுக்கு மெத்தென்று போனால் உள்ளே ஒன்றுமில்லை. அத்தை வீட்டில் இருபத்திரண்டு பனங்கைகள். பதினேழில் ஊசி நின்றது. கெட்டுப்போன ஐந்தும் கொல்லைப்புறம், வாடைப்பக்கத்துச் சரிவில் இருந்தன. அவையும் நுனியில் மட்டும்தான் கெட்டிருந்தன. இந்தக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. நனைந்து நனைந்து அந்த இறவாணம்தான் முதலில் உளுக்கும். அந்தப் பக்கத்து ரீப்பர்களைக் கையால் ஒடித்தே காட்டினார்.

எல்லாக் கூரையையும் காப்பாற்றலாம் என்று சொல்கிறவர் அல்ல அவர். முந்தைய வாரம் பார்த்த ஒரு வீட்டில், சுவருக்குள் உட்காரும் உத்தரத்தில் ஊசி பிடிவரைக்கும் போயிருக்கிறது. சுவரும் பிளந்திருக்கிறது. "பிரிச்சிடுங்கன்னு நானே சொல்லிட்டேன். அதுமேல ஏற எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

ஆவணியில் வேலை தொடங்கியது. அவர் மேலிருந்து ஓட்டைக் கழற்றித் தர, அந்த அம்மா ஏணியில் நின்று வாங்கினார். வாங்கிய ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். டங்கென்றால் ஒரு பக்கம், பொத்தென்றால் இன்னொரு பக்கம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. உப்பளக் காற்றில் பொரிந்து, அடியில் செதில் செதிலாக உதிர்ந்த ஓடுகளை அவர் தட்டவே இல்லை, தொட்டதுமே ஒதுக்கினார். நானும் தட்டிப் பார்த்தேன். முதல் ஐம்பது ஓட்டில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மதியத்துக்கு மேல் லேசாகப் பிடிபட்டது. மேலே கைமரத்துக்கு ஒட்டுக்கட்டை கொடுத்ததும் முகட்டுக்குச் சாந்து பூசியதும் நடந்துகொண்டிருக்க, நான் கீழே அந்த அம்மாவின் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

நல்ல ஓடுகளை அவர் முத்திரை பார்த்துப் பிரித்து அடுக்கினார். சீமை ஓட்டில் ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு உட்கார வேண்டும். ஓர் ஆலை ஓடு இன்னோர் ஆலை ஓட்டோடு பெரும்பாலும் ஒட்டாது. கோதுமை மணி அளவு இடைவெளி போதும், சாரல் உள்ளே வந்துவிடும். புயலுக்குப் பின் நாங்கள் செருகியவை ஒழுகியதற்கு அதுதான் காரணம்.

பழைய ஓட்டில் 1865 என்று பதிந்திருக்கும். தன் வீட்டு ஓடு அந்த வருடத்தது என்று அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அது மங்களூரில் பாசல் மிஷன் முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கிய ஆண்டு. முதல் உலகப் போரை ஒட்டி அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறின. 1865 மட்டும் முத்திரையில் நிலைத்துவிட்டது. வீடு கட்டியது 1958இல்.

சுமார் 1,400 ஓடுகளில் பழைய முத்திரையில் தேறியவை 780. அவை முன்சரிவு முழுவதற்கும் போதும். பின்சரிவுக்குத் திருச்சூரிலிருந்து வந்த புது ஓடு. பழசையும் புதுசையும் ஒரே சரிவில் கலக்காமல் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டார்கள். வாடைப்பக்கத்து ரீப்பர் அத்தனையும் புதிது. இறவாணத்து இரண்டு வரிசை ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டினார்கள். ஓட்டின் அடியில் துளையோடு ஒரு காது இருப்பது அதற்காகத்தான். எத்தனையோ வீடுகளில் அந்தக் காதில் ஒருமுறைகூடக் கம்பி நுழைந்ததில்லை. காற்று முதலில் தூக்குவது அந்த வரிசையைத்தான்.

ஒப்பந்தக்காரர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கில் வேலை முடிந்தது. "பழைய சாமானை நானே எடுத்துக்கிறேன்" என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினேழு வைரம் பாய்ந்த பனங்கைகளும் 780 நல்ல ஓடுகளும் குப்பை அள்ளும் உதவிபோல அவர் வண்டியில் ஏறியிருக்கும். பிறகு யாரோ ஒருவரின் தோட்டத்து விடுதிக்கு நல்ல விலைக்குப் போயிருக்கும். அத்தை வெயிலில் கொதிக்கும் தகட்டுக்கடியில் படுத்திருப்பார். இன்னும் சிலர் கான்கிரீட் போடச் சொல்கிறார்கள். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 150 சீமை ஓடு, ஒன்று இரண்டரைக் கிலோ என்றாலும் 400 கிலோவுக்குள்தான் வரும். அதே பரப்புக்கு நாலரை அங்குலக் கான்கிரீட் இரண்டரை டன். மண்சாந்துச் சுவர் இதைத் தாங்குமா என்று கேட்காமல் விலை சொல்கிறவரை நான் தொழில்காரர் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். பிரிப்பதில்தான் அவருக்கு வரவு. பழுது பார்ப்பதில் கூலியைத் தவிர ஒன்றுமில்லை. அதனால்தான் ஏணி கேட்காமலே தீர்ப்பு வந்துவிடுகிறது.

அந்தக் கூலியிலும் ஒரு நியாயக்கேடு இருக்கிறது. ஓட்டைத் தட்டிப் பார்த்து எது இருக்கலாம், எது போகலாம் என்று முடிவு செய்தவர் அந்த அம்மா. அவருக்குச் சித்தாள் கூலி, கணவருக்குக் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல். நான் சமமாகக் கொடுத்தபோது அவர் வாங்கத் தயங்கினார். "மத்த இடத்துல வேலை கிடைக்காமப் போயிடும் தம்பி, வெளியில சொல்லாதீங்க" என்றார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தட்டிக் கேட்க அவன் கற்றுக்கொள்ளவில்லை.

கடைசி நாள் அந்த அம்மா மிஞ்சிய எண்பது பழைய ஓடுகளைக் கிணற்றடிக்குப் பின்னால், மண் படாமல் செங்கல் வைத்து, நெட்டுக்குத்தாக அடுக்கினார். மேலே ஒரு கீற்றைப் போட்டு மூடினார். முன்சரிவில் தேங்காய் விழுந்தால் மாற்ற அதே முத்திரை வேண்டும்.

"யார் வந்து என்ன வெலை கேட்டாலும் இதைக் குடுத்துறாதீங்கம்மா" என்று அத்தையிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார்.