பல்பைக் குறை சொல்லும் முன்

சிங்கப்பூர் தோ பாயோவில் வைராவிமட காளியம்மன் கோயில் இருக்கும் அதே லோரோங் 8ல்தான் தொழிற்பேட்டையும் இருக்கிறது. அங்கே ஒரு பட்டறை வாசலில், டிக்கியைத் திறந்தபடி ஜப்பானியக் கார் ஒன்று நிற்கிறது. பின்பக்க பல்புகள் எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றியிருக்கிறார் உரிமையாளர். இப்போது மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் இடப்பக்க பிரேக் லைட் மினுக்குகிறது. சிக்னலோ இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்கிறது.

“செட் செட்டா மாத்திப் பாத்தாச்சு தம்பி, எல்லாமே போலி மால் போல.”

“பழைய பல்பு இருக்காண்ணே?” என்று மட்டும் கேட்டார் மெக்கானிக். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர்.

நல்லவேளை, தூக்கிப் போடவில்லை. பிரேக்குக்கு 21 வாட், இரவு விளக்குக்கு 5 வாட் என இரண்டு இழை உள்ள பல்பு அது. இரு பக்கமும் மாட்டிவிட்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னார். வலப்பக்கம் பளிச், இடப்பக்கம் அழுது வடிந்தது. பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டிலும் மறு முனையை பாடி போல்ட்டிலும் வைத்தார். ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 2.8 வோல்ட். ஹோல்டரைக் கழற்றினால், எர்த் தகடு கறுத்துப் பிடிமானம் தளர்ந்திருந்தது. சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் லேசாக உருகியிருந்தது.

ஹோல்டரில் பல்பு இல்லாமல் மீட்டரை மட்டும் வைத்திருந்தால் 12 வோல்ட் என்று சத்தியம் செய்திருக்கும். மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. 21 வாட் இழை 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் மோசமான இணைப்பிலும் எல்இடி எரிந்து காட்டிவிடும். ஆனால் கரண்ட் கண நேரம் விட்டாலும் அதில் தெரிந்துவிடும். இழை அந்த நேரத்தைத் தன் சூட்டிலேயே சமாளித்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. புதுப் புது எல்இடியாக வாங்கிப் போடுவது காசுக்குக் கேடு. (நேராகச் செருகும் வகை எல்இடி சுத்தமாக எரியாவிட்டால் முதலில் திருப்பிச் செருகிப் பாருங்கள், பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம்.)

சிக்னல் சங்கதி வேறு. ஒரு பல்பு ஃபியூஸ் போனால் ஓட்டுநருக்குத் தெரியட்டும் என்றுதான் வேகமாக அடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். எல்இடி குறைவாக இழுப்பதால், பல்பே இல்லை என்று கார் நினைத்துக்கொள்கிறது. கடையில் இதற்கு 6 ஓம் ரெசிஸ்டர் விற்கிறார்கள். 12 வோல்ட்டில் அது 24 வாட்டை வெறும் சூடாக்கித் தள்ளும். பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருக்கிவிடும், தகட்டில்தான் திருக வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று எல்இடி போட்டுவிட்டு, மிச்சத்தை ரெசிஸ்டரில் எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்றையும் மெக்கானிக் காட்டினார். உரிமையாளர் வாங்கியது வெள்ளை எல்இடி. சிவப்புக் கண்ணாடி பெரும்பாலும் சிவப்பு ஒளியைத்தான் வெளியே விடும்; வெள்ளை எல்இடியில் அது குறைவு. அதனால்தான் பிரேக் லைட் ரோஸ் நிறத்தில் மங்கித் தெரிகிறது. சிங்கப்பூரில் 3 வயது தாண்டிய கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 10 வயது தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும், விளக்குகளையும் பார்ப்பார்கள்.

கடைசியில் புது ஹோல்டர், பிரேக்குக்குச் சிவப்பு எல்இடி, சிக்னலுக்குப் பழைய இழை பல்பே என்று முடிவானது. வாங்கி வந்த ரெசிஸ்டரைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார் உரிமையாளர்.