நூலகரின் சமய உள்ளம்

வடசென்னையில் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் குடும்பங்களில் பிறந்த நம்மில் பலருக்கு, வீட்டில் படிப்பதற்கெனத் தனியிடம் இருந்ததில்லை. சமையலும் உறக்கமும் ஒரே அறையில். இரவுப் பணி முடித்த தந்தையார் பகலில் உறங்குவார். எனவே கிளை நூலகத்தின் நீண்ட மேசையே நமக்குப் படிப்பறையாயிற்று. அம்மேசைக்குப் பின்னே ஒரு பல்கலைக்கழக நூலகரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த டாக்டர் எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்கள் மாநிலக் கல்லூரியில் கணிதம் பயிற்றியவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, அவ்வாண்டே இலண்டன் சென்று நூலகவியல் கற்று மீண்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். அவர் இடையறாது வற்புறுத்தியதன் பயனாகவே 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சொத்து வரியோடு சேர்த்துப் பெறும் நூலக வரியால் கிளை நூலகங்கள் பெருகின. ஏழை மாணவனின் மேசைக்கு ஊரே பொருள் தந்தது.

ஆனால், அவருடைய சமய உள்ளத்தை அறிய அவர் வகுத்த கோலன் பகுப்புமுறையைக் காண வேண்டும். அதற்கு முன் பரவியிருந்த டியூவியின் முறையில், சமயத்துக்குரிய எண்களுள் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. உலகின் ஏனைய சமயங்கள் யாவும் 290 முதலான பத்து எண்களுக்குள் ஒடுங்கின. இஸ்லாத்துக்குக் கிடைத்தது 297. ரங்கநாதன் அவர்கள் 1933-இல் வெளியிட்ட முறையில் பௌத்தம், யூதம், கிறித்தவம், இஸ்லாம் ஆகியவை ஒரே வரிசையில், ஆளுக்கோர் எண்ணுடன் அமர்ந்தன. வேதநெறிக்கும் அதன் பின்வந்த இந்து நெறிகளுக்கும் தனித்தனி எண் தந்ததில் அவர்தம் மரபின் சாயல் உண்டு. எனினும், இப்பெருஞ்சமயங்களுள் எதுவும் ‘ஏனையவை’ என்னும் மூலைக்குத் தள்ளப்படவில்லை.

இன்னொன்றும் செய்தார். ஆன்மிக அனுபவத்தைச் சமயத்தின் கீழ் அடக்காமல், டெல்ட்டா என்னும் கிரேக்க எழுத்தைக் குறியாக்கித் தனிப் பெரும்பிரிவாக்கினார். நம் இராயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களை எங்கே வைப்பது? இலக்கியத்திலா, இஸ்லாத்திலா, ஆன்மிக அனுபவத்திலா? இந்துப் புலவர்களும் போற்றிப் பாடிய அந்த ஞானியை நினைக்கையில், அத்தனிப் பிரிவின் தேவை நமக்கு விளங்குகிறது.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912-இல் எழுத்தராய் அமர்ந்த கணிதமேதை இராமானுஜனைப் பற்றியும் ரங்கநாதன் அவர்கள் 1967-இல் ஒரு நூல் வெளியிட்டார். மேதையை அறிந்தோரின் நினைவுகளைத் திரட்டிய அந்நூல், கணிதத்தோடு அவருடைய இறைநம்பிக்கையையும் பேசுகிறது.

இறைமறையின் முதல் அருள்வாக்கே ஓதுதலைப் பற்றியது என்பதை அறிந்த சமுதாயம் நாம். அரபுத்தமிழ் ஏடுகளும் பழைய இஸ்லாமியத் தமிழ் நூல்களும் இன்னும் நம் வீட்டுப் பெட்டிகளில் உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அடுக்கில் எண் இருந்து பயனென்ன, நூல் இல்லையெனில்? பெரியோர்கள் அவற்றை நூலகங்களுக்கு வழங்குவார்களாக. மாணவச் செல்வங்கள் அவற்றைப் பட்டியலிட முன்வருவார்களாக. 1972-இல் மறைந்த அந்நூலகருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.