கொள்ளைநோயைத் தன்னோடு நிறுத்திய ஈம் கிராமம்

இங்கிலாந்தின் டேர்பிஷயர் மாவட்டத்தில், ஷெபீல்ட் நகருக்குத் தென்மேற்கே மலைகளுக்கு நடுவில் ஈம் என்றொரு சிறு கிராமம் இருக்கிறது. சாம்பல் நிறக் கல் வீடுகள், ஒரு தேவாலயம், அதன் முற்றத்தில் ஆயிரம் வருடங்களுக்கு மேல் பழைமையான சிலுவைக் கல், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஒரு மாளிகை. இப்படியான கிராமங்கள் அந்நாட்டில் ஏராளம். ஆனால் தேவாலயத்தை அடுத்துள்ள வீடுகளின் முன்னால் நடப்பட்டிருக்கும் பலகைகள் வேறெங்கும் காணக் கிடைக்காதவை. அந்தந்த வீட்டில் யார் யார் கொள்ளைநோயில் இறந்தார்கள் என்பதை அவை சொல்கின்றன.

1665இல் லண்டன் நகரைக் கொள்ளைநோய் சூறையாடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஈமின் தையற்காரர் ஒருவருக்குத் துணிக்கட்டொன்று வந்தது. ஈரமாக இருந்த துணியை விரித்து உலர்த்திய வேலையாள் ஜோர்ஜ் விக்கர்ஸ், செப்டம்பர் மாதம் முதலாவதாக இறந்தார். துணியில் ஒட்டி வந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொண்டுவந்தன என்பார்கள். நோய்க் கிருமி கண்டறியப்பட்டது 1894இல்தான். அம்மக்களுக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்த வருடக் கோடையில் நோய் மீண்டும் மூண்டது. வசதி படைத்த சிலர் முன்னரே வெளியேறிவிட்டிருந்தனர். எஞ்சியோரும் ஓட நினைத்தபோது மதகுரு வில்லியம் மொம்பசன் அவர்களைத் தடுத்தார். அவர் ஊருக்குப் புதியவர். மக்களின் மதிப்பைப் பெற்றிருந்தவர், கொள்கை வேறுபாட்டால் பதவி இழந்த முன்னைய மதகுரு தோமஸ் ஸ்டான்லி. ஒருவரையொருவர் ஏற்காத இருவரும் சேர்ந்து நின்று, எவரும் எல்லையைத் தாண்டுவதில்லை என்று ஊரை இணங்க வைத்தனர். (ஒரே ஊரில் இரு நிர்வாகம் வைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.)

எல்லையில் குழிகள் குடைந்த ஒரு கல் இன்றும் கிடக்கிறது. அக்குழிகளில் வினாகிரியை ஊற்றி, காசை அதில் போட்டு வைப்பார்கள். அயலூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துச் செல்வார்கள். தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, ஒரு பள்ளத்தாக்கில் வெட்டவெளியில் விலகி நின்று வழிபட்டார்கள்.

தாஊன் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அங்கிருந்து தப்பியோடாதீர்கள் என்ற கருத்திலான நபி (ஸல்) அவர்களின் ஹதீஸை நமது பிள்ளைகளும் அறிவார்கள். ஷாம் தேசத்தில் நோய் பரவியிருப்பதை வழியில் கேள்விப்பட்ட உமர் (ரழி) அவர்கள் ஊருக்குள் நுழையாமல் திரும்பியதும், அங்கேயே தங்கிவிட்ட அபூ உபைதா (ரழி) அவர்கள் அந்நோயிலேயே வபாத்தானதும் நாம் ஓதித் தெரிந்தவை. ஈம் மக்கள் இந்த ஹதீஸைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் வகுப்பறையில் நாம் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடும் இரண்டாம் பாதிக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதை அறிய இவ்வூரைத்தான் பார்க்க வேண்டும். பதினான்கு மாதங்களில் 260 பேர் இறந்ததாகக் கூறப்படுகிறது.

அந்த விலையில் பெரும் பங்கைப் பெண்கள் கொடுத்தார்கள். மொம்பசனின் மனைவி கெதரின் தன் இரு பிள்ளைகளையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் கணவனோடு தங்கினார். பிள்ளைகளை மீண்டும் காணாமலே 1666 ஆகஸ்ட்டில் இறந்தார். அவரது கல்லறை சிலுவைக் கல்லின் அருகில் இருக்கிறது.

அதே ஆகஸ்ட்டில் ஊருக்கு வெளியே ரைலி பண்ணைப் பகுதியில் வசித்த எலிசபெத் ஹன்கொக், எட்டே நாட்களில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். தொற்றுக்குப் பயந்து உதவிக்கு எவரும் வரவில்லை. தானே குழி தோண்டி, உடல்களைத் தானே இழுத்துச் சென்று புதைத்தார். 2021இல் தம்மவரின் ஜனாஸா ஓட்டமாவடிக்குப் போவதை வீட்டிலிருந்தே நினைத்து அழுத நம் தாய்மாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நோய் அவரைத் தொடவில்லை. ஷெபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த, எஞ்சிய ஒரே மகனிடம் அவர் போய்ச் சேர்ந்தார் என்பர். வயல் நடுவே வட்டமான தாழ்ந்த கல் மதிலுக்குள் கணவனும் ஆறு பிள்ளைகளுமாக ஏழு பேரின் கற்கள் நிற்கின்றன. அவற்றை நிரப்பிய தாயின் கல் அங்கே இல்லை.