ஃப்ளிப்ஃப்ளாப்பும் அப்பாவோட காதும்

"லேப்டாப்லயே சிந்தசைசர் ஓசில கிடைக்குதே, எதுக்கு இந்த சால்டரிங் புகை?"ன்னு கேக்கற நண்பர்களுக்காக இந்தப் பதிவு.

1969லயே டேவிட் ட்யூடர்ங்கறவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய் மாதிரி நம்மாளுங்க அதுல இசை பண்ணியிருக்காங்க. அதனால திருச்செங்கோட்டு மொட்டை மாடி ரூம்ல ஒருத்தன் அனலாக் சிந்த் கட்டறது ஒண்ணும் உலக அதிசயமில்லை :)

என் ஆஸிலேட்டர் ரம்பப் பல் மாதிரி ஒரே ஒரு அலைதான் தரும். ரொம்பக் கரகரப்பு. அதுக்குத்தான் வேவ்ஷேப்பர். ரம்ப அலையோட கீழ்ப்பாதியை ஒரு ஆப்-ஆம்ப் வெச்சு மேல மடிச்சா முக்கோண அலை. ரெண்டு டயோடை எதிரும் புதிருமா போட்டு அதோட கூர்முனையை மழுக்கினா, கிட்டத்தட்ட சைன். புல்லாங்குழல் மாதிரி சாதுவாயிடும்.

அடுத்தது சப் ஆஸிலேட்டர். ரம்ப அலையை கம்பேரேட்டர் வழியா சதுர அலையாக்கி சிடி4013க்குக் குடுக்கணும். ரெண்டு துடிப்பு வந்தா ஒரு துடிப்பு வெளிய விடும். அதிர்வெண் பாதியானா அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி கீழ. சிப்புக்குள்ள ஃப்ளிப்ஃப்ளாப் ரெண்டு இருக்கறதால 880 ஹெர்ட்ஸ் குடுத்தா 440, 220 ரெண்டுமே கிடைக்கும். 1982ல வந்த ரோலண்ட் எஸ்எச்-101லயும் இந்த ரெண்டு கீழ் ஸ்தாயி உண்டு. காலேஜ்ல இதே ஃப்ளிப்ஃப்ளாப்புக்கு ட்ரூத் டேபிள் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோமே, அதுக்கு ஒரு குரல் இருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?

எங்கப்பா 25 வருஷம் ரிக் வண்டில போர் போட்டவர். கம்ப்ரசர் சத்தத்துல காது போச்சு. மேல் சுருதியெல்லாம் கேக்காது, இனி திரும்பவும் வராதுன்னுட்டார் டாக்டர். வீட்ல யார் பேசினாலும் சும்மா தலையாட்டுவார்.

அன்னிக்கு மாடிக்கு வந்தார். ரம்ப அலை போட்டேன், சைன் போட்டேன். அவருக்குப் பெருசா வித்தியாசம் தெரியல. சப்பை ஏத்தி, சுருதியை மெதுவா கீழ இறக்கினேன். டக்னு நிமிர்ந்தார். ஸ்பீக்கர் மேல கை வெச்சார்.

"தறி ஓடறாப்ல இருக்குது. இன்னொருக்கா போடு கண்ணு."

ஓசி சாஃப்ட்வேர்லயும் சப் இருக்கு, தெரியும். ஆனா அதுக்கு அவர் கையால திருகற குமிழ் இல்லையே. அடுத்து ஃபில்டர் கட்டணும். அதுக்கு முன்னாடி சப்புக்குன்னு தனியா, பெருசா ஒரு குமிழ் வெக்கப்போறேன்.