காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை

பாரிஸுக்கு உறவுக்காரர்கள் வந்தால் நாலைந்து நாள் கழித்துத்தான் எனக்கு வேலை வரும். அதற்குள் ஈஃபில் கோபுரம், லூவ்ர், படகுச் சவாரி எல்லாம் முடிந்து கால்வலித் தைலம் வெளியே வந்திருக்கும். “பக்கத்தில் போய்விட்டு ராத்திரிக்குள் திரும்புகிற மாதிரி ஊர் ஏதாவது இருக்கா?” என்பார்கள். இருபது வருடமாக என் பதில் ஒன்றுதான்: ஷார்த்ர். பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர். மோம்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

ஊரைச் சொல்லிவிடலாம், திட்டம் போடுவதுதான் சங்கடம். எல்லோரும் ரயில் அட்டவணையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் சூரியனிலிருந்து தொடங்குவேன். தேவாலயங்களின் பீடம் பொதுவாகக் கிழக்கே பார்த்திருக்கும். ஷார்த்ர் பேராலயம் வடகிழக்காகத் திரும்பி நிற்கிறது. அதனால் ‘தெற்கு’ என்று சொல்லும் பக்கத்தில் காலை வெயில் விழும். ‘மேற்கு’ வாசலுக்கு மேலே இருக்கும் ஜன்னல்கள் பிற்பகலில்தான் விழிக்கும். ஆகவே இரண்டு முறை உள்ளே போக வேண்டும்: பத்தரை, பதினொரு மணிவாக்கில் ஒரு முறை, நாலு மணிக்கு மேல் ஒரு முறை. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே.

முதலில் நாளைத் தேர்ந்தெடுப்போம். ஞாயிறு காலை திருப்பலி நேரம், சுற்றிப் பார்க்கத் தோதில்லை. திங்களன்று பல உணவகங்கள் கதவைத் திறப்பதில்லை. செவ்வாயில் பிக்காஸியெத் வீடு மூடல், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பெந்தகோஸ்தே வார இறுதியில் பாரிஸிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்து சேருவார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே விரும்பினால் ஒழியத் தவிர்த்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது வெள்ளி. பேராலயத்தின் நடுத்தரையில் ஏறத்தாழ 13 மீட்டர் அகலத்தில் வட்டமான சுழல்பாதை ஒன்று கல்லில் பதித்திருக்கிறது. பதினொரு சுற்று, மொத்தம் 260 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நடை. மற்ற நாள்களில் அதன் மேல் நாற்காலி போட்டிருப்பார்கள், மிதிப்பது தெரியாமலே கடந்து போய்விடுவோம். தவக்காலத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை எடுத்துவிடுகிறார்கள்.

டிக்கெட்டில் ஒரு சிக்கல் உண்டு. பாரிஸில் ஒரு வாரம் நவிகோ பயண அட்டையில் சுற்றியவர்கள் அதே அட்டையோடு இந்த வண்டியிலும் ஏறிவிடுவார்கள். ராம்பூயே தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அதன் எல்லை முடிந்துவிடும். ஷார்த்ர் வேறு மாநிலம், தனி டிக்கெட் எடுத்தாக வேண்டும். இது அதிவேக ரயில் அல்ல, வட்டார வண்டி. இருக்கை எண் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்காரலாம். எந்த நடைமேடை என்பது புறப்படச் சற்று முன்புதான் பலகையில் தெரியும். மெட்ரோவிலிருந்து ரயில் கூடத்துக்கு நடை நீளம், கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் வண்டி வெர்சாயில் நிற்கும். “அப்படியே இறங்கி அரண்மனையையும் பார்த்துவிட்டால்?” என்று யாராவது ஒருவர் கேட்காத பயணமே இல்லை. வேண்டாம். இரண்டையும் பார்த்தவர்களுக்கு இரண்டிலுமே வரிசையில் நின்றதுதான் ஞாபகம் இருக்கும்.

போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். கோதுமை வயல்களுக்கு அப்பால், ஊரே தெரியாமல் இரண்டு கோபுரம் மட்டும் எழுந்து நிற்கும் காட்சி புகழ்பெற்றது. ஆனால் அது காரில் வருபவர்களுக்கும், 1912இல் கவிஞர் ஷார்ல் பெகி நடந்ததுபோல் நடந்து வருபவர்களுக்கும்தான். ரயில் கடைசியில் எர் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக வருகிறது. கோபுரங்கள் தாமதமாகத்தான் கண்ணில் படும், அதுவும் இடப்பக்கத்தில்.

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, ஏற்றம் அதிகமில்லை. கோபுரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. தெற்கிலிருப்பது 12ஆம் நூற்றாண்டு, சுமார் 105 மீட்டர், வழித்த மாதிரி எளிமை. வடக்கிலிருப்பதன் உச்சியை 1500களின் தொடக்கத்தில் ழான் த போஸ் கட்டினார், கொஞ்சம் உயரம், ஏகப்பட்ட நகாசு. எனக்குத் தெற்குக் கோபுரம்தான் அழகு. 1194இல் பெருந்தீ. அதில் தப்பியவற்றில் கோபுரங்களின் கீழே இருக்கும் அரச வாசலும் ஒன்று. அதன் இடக் கதவின் மேல் பன்னிரண்டு ராசிகளைச் செதுக்க ஆரம்பித்து இடம் போதாமல் போயிருக்கிறது. மிதுனத்தையும் மீனத்தையும் வலக் கதவுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். எண்ணூறு வருடத்துக்கு மேலாக இரண்டு ராசி அடுத்த வீட்டில் குடியிருக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் போனை எடுக்காதீர்கள். கண் பழக பத்து நிமிடம் வேண்டும். முன்பு இன்னும் அதிகம் வேண்டியிருந்தது. 2009இல் தொடங்கிய சுத்திகரிப்புக்குப் பிறகு சுவர்கள் வெளுத்துவிட்டன. 13ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் இருந்தது என்கிறார்கள் வல்லுநர்கள். இருக்கலாம். ஆனால் பழைய இருட்டில் அந்தக் கண்ணாடிகள் கனன்றதைப் பார்த்தவன் நான், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

காலைச் சுற்றுக்கு வலப்பக்கம். பைனாகுலர் கட்டாயம், அது இல்லாமல் வண்ணக் கலவைதான் தெரியும், கதை தெரியாது. கதைகளைப் பெரும்பாலும் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். நல்ல சமாரியன் ஜன்னலில் அடிக் கட்டங்களில் செருப்புத் தைக்கும் தொழிலாளிகள் குனிந்து வேலை செய்கிறார்கள். பீடத்துக்கு வலப்புறம் மாதா ஜன்னல், சிவப்புப் பின்னணியில் வெளிர் நீல உடை. அதன் நடுக் கட்டங்கள் தீக்கு முந்தியவை. 1939இல் போர் வரும் முன்பே இந்தக் கண்ணாடிகளையெல்லாம் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். கட்டடம் பிழைத்ததில் ஓர் அமெரிக்கருக்குப் பங்குண்டு. கர்னல் வெல்போர்ன் கிரிஃபித், 1944 ஆகஸ்ட் 16 அன்று கோபுரத்தில் ஜெர்மானியர் இல்லை என்று தானே ஏறிப் பார்த்துச் சொன்னார், அதனால் அதைச் சுடாமல் விட்டார்கள். அன்றே பக்கத்து ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பன்னிரண்டரைக்குள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணியோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள். என் முதல் பயணத்தில் இரண்டரை மணிக்குப் பசியோடு நாலு கதவு தட்டினேன், கடைசியில் பேக்கரி ரொட்டிதான் கிடைத்தது. அன்று செவ்வாய் வேறு.

சாப்பிட்டபின் கால் தெம்புள்ளவர்கள் ஆற்றங்கரைக்கு இறங்கலாம்: கல் பாலங்கள், பழைய துணி துவைக்கும் துறைகள். திரும்ப ஏறுவது செங்குத்து. இன்னும் அரை மணி நடந்தால் பிக்காஸியெத் வீடு. ரெய்மோன் இசிதோர் என்ற கல்லறைத் தோட்டத் தொழிலாளி உடைந்த பீங்கான் துண்டுகளைப் பொறுக்கி, சுவர், தரை, கட்டில், தையல் மெஷின் என்று எல்லாவற்றிலும் பதித்துவிட்டார். 1964இல் இறந்தார். அந்த வீடு குளிர்காலத்திலும் மூடியிருக்கும், பார்த்துக்கொண்டு போங்கள்.

ஒருமுறை பெரியம்மாவை அழைத்துப் போயிருந்தேன். முட்டிவலி, அதனால் ஆற்றுக்கு இறங்காமல் பேராலயத்தின் பின்னால் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். நாலேகால் ஆனதும் எழுப்பினேன். “ஏம்பா, பார்த்த கோயிலுக்கே மறுபடியுமா?” என்றார். உள்ளே போய் மேற்கே திருப்பி உட்கார வைத்தேன். ரோஜா வடிவ வட்ட ஜன்னலுக்குக் கீழே மூன்று நெடிய ஜன்னல்கள், மூன்றும் 12ஆம் நூற்றாண்டு. காலையில் அவை மங்கலாகக் கிடந்தன. இப்போது நீலம் இறங்கித் தூண்களிலும் நாற்காலிகளிலும் பரவியிருந்தது. பெரியம்மா கையை நீட்டி, புறங்கையில் விழுந்த நிறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காலையில இது இல்லையே” என்றார். ஐந்தே முக்காலுக்கு நான்தான் கிளப்ப வேண்டியிருந்தது.

ஆகவே திரும்பும் வண்டியை முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள். மணிக்கு ஒன்று என்று சீராக ஓடாது, அடுத்த இரண்டு மூன்று வண்டிகளின் நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். மாலையில் கூட்டமெல்லாம் பாரிஸிலிருந்து வெளியே வரும் வண்டிகளில்தான், எதிர்த்திசையில் இடம் தாராளமாகக் கிடைக்கும். வலப்பக்கம் உட்காருங்கள்.